பெரிய படம், ஆனால் பிடிக்கவில்லை: அடுத்து என்ன செய்யலாம்?

எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஒரு வெளிநாட்டுப் படத்தைக் கடைசி வரை பார்த்துவிட்டு, ‘இதில் அப்படி என்னதான் இருக்கிறது?’ என்ற எரிச்சலோடு எழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘உலக சினிமாவெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது’ என்று ஒதுங்குவதும், பிடித்த மாதிரி தலையாட்டுவதும் இரண்டுமே நஷ்டம். அந்த எரிச்சலைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், படம் எந்த இடத்தில் நம்மைக் கைவிட்டது, எந்த இடத்தில் நாம் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தோம் என்பது தெரியும்.

நான் எடிட்டிங் வேலை செய்கிறேன். இந்த வேலையில் முதலில் படியும் பழக்கம், ஒரு ஷாட்டில் சொல்ல வேண்டியது முடிந்ததும் கட் பண்ணுவது. ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்புகிறார் என்றால், கை கதவைத் தொட்டதுமே அடுத்த ஷாட் தெருவில் தொடங்கிவிடும். அப்படிப் பழகிய கண்ணுக்கு மெதுவான படங்கள் பெரிய சோதனை. ஒவ்வொரு ஷாட்டும் முடிந்த பிறகும் நின்றுகொண்டே இருக்கும். அதனால் இந்த ஏமாற்றம் எனக்கு நன்றாகவே பழக்கம். அதை என்ன செய்வது என்று யோசித்து யோசித்துத்தான் இந்த வழிமுறை உருவானது.

முதலில் டிவியைச் சந்தேகப்படுங்கள்

படத்தைக் குறை சொல்லும் முன், நீங்கள் பார்த்தது அந்தப் படம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேம்களில் எடுக்கப்படுகிறது. இன்றைய டிவிகள் பல, அந்த ஃபிரேம்களுக்கு நடுவே தானாகவே புதிய ஃபிரேம்களை உண்டாக்கிச் செருகுகின்றன. அசைவு வழவழவென்று ஆகி, சீரியல் பார்ப்பது போன்ற ஒரு தோற்றம் வந்துவிடும். வேகமான சண்டைப் படத்தில் இது அவ்வளவாக உறுத்தாமல் போகலாம். கேமரா அசையாமல் ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் படத்தில் எல்லாமே போலியாகத் தெரியும். டிவியின் பிக்சர் செட்டிங்கில் ‘மோஷன்’ என்ற சொல்லோடு வரும் வசதியை அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டுவிட்டாலே போதும்.

அடுத்து சட்டகம், அதாவது திரையில் படம் அடங்கும் கட்டம். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) கிட்டத்தட்ட சதுரமான பழைய வடிவத்தில் எடுத்த படம். திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால்தான் சரி. ‘திரை முழுக்க வரட்டும்’ என்று ஜூம் பண்ணினால் மேலும் கீழும் வெட்டுப்படும். ஓசுவோ கேமராவைத் தரைக்குக் கொஞ்சம் மேலே, பாயில் உட்கார்ந்திருப்பவரின் பார்வை உயரத்துக்கும் கீழே வைத்து, தரையிலிருந்து கதவின் மேல்விளிம்பு வரை ஒவ்வொரு பொருளையும் அளந்து அடுக்கியவர். அந்த அடுக்கில் மேலும் கீழும் வெட்டிவிட்டு, ‘சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்று சொல்வது நியாயமாகாது.

ஒலியும் அப்படித்தான். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979) படத்தில் மூன்று பேர் ஒரு சிறிய தண்டவாள வண்டியில் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் போகிறார்கள். சில நிமிடங்களுக்குக் கேமரா அவர்களுடைய தலைகளையே மாற்றி மாற்றிக் காட்டுகிறது. செல்போன் ஸ்பீக்கரில் கேட்டால், அங்கே நடப்பது அவ்வளவுதான். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். தண்டவாளத்தின் டக் டக் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உருமாறி, எதிரொலித்து, மின்னணு இசையோடு கலந்துவிடும். எந்த நொடியில் மாறியது என்று சொல்ல முடியாது. நிஜ உலகத்திலிருந்து வேறொரு இடத்துக்கு வந்துவிட்டோம் என்பதை அந்தக் காட்சியில் காதுதான் முதலில் கண்டுபிடிக்கிறது. பழுப்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த படம் அதன் பிறகுதான் பச்சைக்கு மாறுகிறது.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வகைப் படங்களுக்கு அது வேண்டாம். காரணம் கீழே.

விமர்சனம் படிக்கும் முன் மூன்று வரி

படம் முடிந்ததும் கை தானாகவே செல்போனுக்குப் போகும். அதைத் தள்ளி வைத்துவிட்டு, எந்த இடத்தில் சலித்தது என்று மூன்றே வரிகளில் எழுதிவையுங்கள். ‘போர்’ என்று மட்டும் எழுதினால் உதவாது. எந்தக் காட்சி, திரையில் யார் இருந்தார்கள், அந்த நேரத்தில் உங்கள் மனசு எங்கே போயிருந்தது என்பது வேண்டும். பெரிய விமர்சகர் ஒருவரின் கட்டுரையைப் படித்துவிட்டால் நம் அனுபவத்தின் மேல் அவருடைய சொற்கள் ஏறிக்கொள்ளும். அதன் பிறகு எது நம்முடையது என்று பிரிப்பது கஷ்டம்.

எழுதியதைத் திரும்பிப் பார்த்தால், சலிப்பு எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்று தெரியும். என்ன நடக்கிறது என்றே புரியாததால் வந்த சலிப்பு ஒன்று. அதற்கு மருந்து சுலபம்: கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு மறுபடி பாருங்கள். மெதுவான படங்களில் கதையை முன்னாடியே தெரிந்துகொள்வதால் பெரும்பாலும் நஷ்டமில்லை, லாபம்தான். புரிந்தது, ஆனால் எதுவுமே நடக்கவில்லை என்ற சலிப்பு இன்னொன்று. புரிந்தது, நடந்ததும் தெரிந்தது, இருந்தும் மனசு அசையவில்லை என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் உண்மையான ஏமாற்றம். அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். ஆனால் இரண்டாவதை மூன்றாவது என்று நினைத்துக்கொள்வது மிகவும் சுலபம்.

தகவல் முடிந்த பிறகு ஷாட்டில் என்ன நடக்கிறது?

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இந்த ஒரு கேள்விதான். ஒரு ஷாட் நமக்கு நீளமாகத் தெரிகிறது என்றால், அதில் சொல்ல வேண்டிய தகவல் முடிந்த பிறகும் அது ஓடுகிறது என்று அர்த்தம். சரி, அந்த மிச்ச நேரத்தில் என்ன நடக்கிறது? ஏதாவது புதிதாகத் தொடங்குகிறதா? தொடங்கினால் அந்த நீளம் ஒரு வேலை செய்கிறது. தொடங்கவில்லை என்றால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அது வெறும் இழுவைதான்.

பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் ஆக்கெர்மான் தன் 25 வயது நிரம்பும் முன்பே எடுத்து முடித்து, 1975-இல் வெளிவந்த ‘ழான் தீல்மான்’ இதற்குச் சரியான பயிற்சி. 201 நிமிடம். பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் மகனோடு வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள். டெல்ஃபின் செரிக் நடித்திருக்கிறார். கேமரா அசைவதே இல்லை, பின்னணி இசை இல்லை. முதல் நாள் அவள் செய்வதெல்லாம் ஒரே ஒழுங்கு. ஒரு அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கை அணைக்கிறாள். உருளைக்கிழங்கை அடுப்பில் வைக்கிறாள். மதியம் ஓர் ஆண் வருகிறான், போகிறான். அவன் கொடுத்த பணத்தைச் சாப்பாட்டு மேஜையில் இருக்கும் பீங்கான் சூப் பாத்திரத்தில் போட்டு மூடிவைக்கிறாள். குளிக்கிறாள், குளியல் தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிறாள். மகன் வருகிறான், சாப்பிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போது ‘புரிந்தது, கட் பண்ணுங்கள்’ என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நாள் வந்த வேறோர் ஆண் போன பிறகு அவள் தலைமுடி கலைந்திருக்கிறது. சூப் பாத்திரத்தின் மூடியைப் போட மறக்கிறாள். உருளைக்கிழங்கு அதிகமாக வெந்து குழைந்துவிட்டது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். வீட்டில் வேறு உருளைக்கிழங்கு இல்லை. வெளியே போய் வாங்கி வந்து, சமையலறை மேஜையில் நம்மைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து தோல் சீவுகிறாள். அந்த ஷாட் நகராமல் நிற்கிறது. கத்தி கொஞ்சம் வேகமாகப் போகிறது, தயங்குகிறது, நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதல் நாளை முழுதாகக் காட்டியிருக்காவிட்டால், ஒரு மூடி திறந்திருப்பதைப் பார்த்து யார் பயப்படப் போகிறார்கள்? முதல் நாளின் ஒவ்வொரு நிமிடமும் நம் கண்ணை அவளுடைய ஒழுங்குக்குப் பழக்குகிறது. மூன்றாம் நாள் ஒரு காபி ருசி மாறினால்கூட நமக்குத் தெரிகிறது. வேகத்தைக் கூட்டிப் பார்த்தால் இந்தப் பழக்கமே ஏறாது. கத்தியின் தயக்கமும் தெரியாது. கதையை முன்னாடியே படிக்கலாம் என்றேனே, இந்தப் படத்தின் மூன்றாம் நாளை மட்டும் அதிலிருந்து விலக்கிவிடுங்கள்.

ஆகவே, நீங்கள் எழுதிவைத்த அந்தச் சலிப்பான காட்சிக்குத் திரும்பிப் போங்கள். முழுப் படத்தையும் மறுபடி பார்க்க வேண்டாம். அந்த ஒரு காட்சி போதும். தகவல் முடிந்த நொடியை மனதில் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருவதை மட்டும் கவனியுங்கள். முகம் மாறுகிறதா, ஒலி மாறுகிறதா, சட்டகத்தின் ஓரத்தில் ஏதாவது நகர்கிறதா, முன்பு பார்த்ததோடு ஏதாவது ஒத்துப்போகாமல் நிற்கிறதா? உங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதும் சேர்த்திதான்.

கேள்வி கேட்டும் ஏமாற்றம் தீராவிட்டால்

இத்தாலிய இயக்குநர் மிக்கெலாஞ்ஜலோ அந்தோனியோனியின் ‘லாவ்வென்தூரா’ எனக்கு ஏமாற்றமாக இருந்த படம். இன்றும் பாதிக்குப் பாதி அப்படித்தான். 1960-இல் கான் திரைப்பட விழாவில் முதல் திரையிடலிலேயே பார்வையாளர்கள் கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள். மறுநாளே ரோபர்த்தோ ரொசெல்லினி உட்படப் பல இயக்குநர்களும் விமர்சகர்களும் படத்தை ஆதரித்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். விழாவில் நடுவர் குழுப் பரிசும் கிடைத்தது. ஆக, இந்தப் படத்தைப் பார்த்து எரிச்சலடைந்தவர்களில் நாம் முதல் ஆள் இல்லை.

கதை இதுதான். பணக்கார நண்பர்கள் சிலர் படகில் சிசிலிக்கு அருகே ஒரு பாறைத் தீவுக்குப் போகிறார்கள். அண்ணா என்ற பெண் அங்கே காணாமல் போகிறாள். அவளுடைய காதலன் சாண்ட்ரோவும் தோழி கிளாடியாவும் தேடுகிறார்கள். தேடும்போதே இருவரும் நெருக்கமாகிவிடுகிறார்கள். அண்ணா என்ன ஆனாள் என்பதைப் படம் சொல்வதே இல்லை.

இது ஏன் அன்று பெரிய விஷயமாக இருந்தது என்று புரிய, அதே 1960-இல் வந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலும் கதாநாயகி என்று நாம் நம்பிய பெண் ஒரு மணி நேரம் ஆவதற்குள் போய்விடுகிறாள். தங்கையும் காதலனும் தேடுகிறார்கள். ஆனால் அங்கே கடைசியில் ஒரு மனநல மருத்துவர் எல்லாவற்றையும் விளக்குகிறார். அந்தோனியோனி முடிச்சைப் போட்டுவிட்டு அவிழ்க்காமலே போய்விடுகிறார். அவிழ்க்காமல் விடுவது இன்று நமக்குப் பழகிப்போன உத்தி. அன்று பலருக்கு அது ஏமாற்று வேலையாகவே பட்டது. பழைய படத்தைப் பார்க்கும்போது, அதில் புதிதாக இருந்தது எது, பிறகு வந்தவர்கள் எடுத்தாண்டு நமக்குப் பழகிப்போனது எது என்று கேட்டுக்கொள்வது நல்லது. அதைத் தெரிந்துகொண்டால் படத்தின் மேல் மரியாதை வரும். பிடித்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் கேள்வியைத் தீவுக் காட்சிகளிடம் கேட்டேன். அங்கே நீளம் வேலை செய்கிறது. ஒருவர் சட்டகத்தை விட்டு வெளியேறிய பிறகும் பாறை அப்படியே நிற்கிறது. அந்த மிச்ச நேரத்தில் நாமே அண்ணாவைத் தேடத் தொடங்குகிறோம். பின்னால் ஆளில்லாத ஓர் ஊர் வருகிறது. கிளாடியாவும் சாண்ட்ரோவும் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், பதில் இல்லை, காரில் கிளம்புகிறார்கள். அவர்கள் கிளம்பும்போது ஒரு சந்திலிருந்து கேமரா மெதுவாக முன்னே நகர்கிறது. யாரோ மறைந்திருந்து பார்ப்பது போல. யார் என்று படம் சொல்லாது. எடிட்டராக நான் அந்த நகர்வை வெட்டியிருப்பேன். வெட்டியிருந்தால் படத்தின் மிகச் சிறந்த ஷாட்டுகளில் ஒன்று போயிருக்கும்.

நோட்டோ என்ற ஊரில் இன்னொரு காட்சி. கட்டடக் கலைஞனாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, பணத்துக்காக வெறும் மதிப்பீடு போட்டுக் கொடுப்பவனாக மாறியவன் சாண்ட்ரோ. ஓர் இளைஞன் பழைய கட்டடத்தின் வேலைப்பாட்டை வரைந்து வைத்திருக்கிறான். சாண்ட்ரோ அருகில் நின்று கையிலிருப்பதை ஊசலாட்டி, மைப் புட்டியைத் தட்டி, அந்த ஓவியத்தின் மேல் மையைக் கொட்டிவிடுகிறான். தற்செயல் போல. ஒரு மனிதனின் தோல்வியை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் படத்தின் இரண்டாம் பாதி எனக்கு ஒட்டவில்லை. விருந்துகளில் சலித்துப்போன பணக்காரர்களை நீண்ட ஷாட்களில் காட்டுகிறார். முதல் ஒன்றிரண்டில் கிடைத்ததற்கு மேல் பிறகு எதுவும் சேரவில்லை. தகவல் முடிந்த பிறகு எதுவும் தொடங்கவில்லை. சாண்ட்ரோ மேல் கிளாடியாவுக்கு ஏன் இவ்வளவு ஈர்ப்பு என்பதை கிளாடியாவாக நடித்த மோனிகா விட்டியின் முகம் எவ்வளவு முயன்றும் என்னால் நம்ப முடியவில்லை. ‘அண்ணாவை அவர்கள் மறக்கிறார்கள், நாமும் மறந்துவிடுகிறோம், அதுதானே படம்’ என்பார்கள் இந்தப் படத்தின் ரசிகர்கள். நல்ல வாதம். ஆனால் அந்த மறதி பாதியிலேயே நடந்து முடிந்துவிட்டது. மிச்சப் படம் அதையே திரும்பத் திரும்ப உறுதி செய்கிறது. இது என் தீர்ப்பு. எந்தக் காட்சி, ஏன் என்று சொல்ல முடிகிறது. அதனால் யார் முன்னாலும் தயக்கமில்லாமல் சொல்வேன். நீங்களும் அந்த இடம் வரை போய்விட்டால், பிடிக்கவில்லை என்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பட்டியல்களைப் பற்றி

‘உலகின் தலைசிறந்த படம்’ என்ற பட்டத்தைக் கேட்டு நிறையப் பேர் பயந்துபோகிறார்கள். இந்தப் பட்டம் பெரும்பாலும் பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை 1952 முதல் பத்து வருடங்களுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பிலிருந்து வருகிறது. முதலிடம் 1952-இல் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’, 2012-இல் ‘வெர்ட்டிகோ’, 2022-இல் ‘ழான் தீல்மான்’. கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் பத்துப் படம் சொல்வார்கள். 2022-இல் 1,600-க்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். வாக்குகள் ஏராளமான படங்களுக்குச் சிதறுவதால், முதலிடம் பிடித்த படத்தைக்கூட வாக்களித்தவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் பத்தில் சேர்த்திருக்கவில்லை. ‘லாவ்வென்தூரா’ 1962-இல் இரண்டாம் இடத்தில் இருந்தது. அடுத்தடுத்த பட்டியல்களில் இறங்கி, 1992-இல் முதல் பத்திலேயே இல்லை. எதைப் பார்க்கலாம் என்று தேடுவதற்குப் பட்டியல் நல்ல துணை. பார்த்த பிறகு அதற்கு வேலையில்லை.

நிறுத்தலாமா?

தாராளமாக. ஆனால் படமே மூச்சு விடும் இடத்தில் நிறுத்துங்கள். ‘ழான் தீல்மான்’ ஒவ்வொரு நாள் முடிந்ததும் அதை எழுத்தில் காட்டும். ‘ஸ்டாக்கர்’ இரண்டு பாகம். ஹங்கேரிய இயக்குநர் பேலா தாரின் ‘சாத்தான்டாங்கோ’ (1994) ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடும், பன்னிரண்டு அத்தியாயங்கள். தூக்கக் கலக்கத்தில் பார்க்க வேண்டாம். அசதியில் வருவது அசதிதான். அதைப் படத்தின் கணக்கில் எழுதக் கூடாது. இரண்டு வெவ்வேறு நாட்களில், நல்ல தெம்போடு உட்கார்ந்தும் பிடிபடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பார்க்க வேறு படங்கள் நிறைய இருக்கின்றன.

இன்னொன்று. அந்தப் படத்தை உயிராக நேசிக்கும் ஒருவர் பக்கத்தில் இருந்தால், ‘ஏன் பிடிக்கும்?’ என்று கேட்காதீர்கள். கவிதை, தியானம் என்று பொதுவான பதில்தான் வரும். ‘ஒரே ஒரு ஷாட் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அவர் எதைக் காட்டுகிறார், எங்கே நிறுத்துகிறார், விரல் எந்த மூலைக்குப் போகிறது என்று பாருங்கள். உண்மையாக நேசிப்பவரிடம் அந்த ஷாட் கண்டிப்பாக இருக்கும்.

எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்டால், ‘டோக்கியோ ஸ்டோரி’யிலிருந்து தொடங்கச் சொல்வேன். வயதான பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை. விளக்கமே தேவைப்படாத கதை. செலவோடு செலவாகப் போகட்டும் என்று பெற்றோரை அடாமி என்ற கடலோர ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே இருவரும் காலையில் கடல் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிளம்பலாம் என்று எழும்போது அந்த அம்மாவுக்கு ஒரு தடுமாற்றம் வந்து, குனிந்து நின்று சமாளித்துக்கொள்கிறார். யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை, இசை உரக்க எழுவதில்லை. அந்தக் காட்சி உங்களைத் தொட்டால் அடுத்து ‘ழான் தீல்மான்’, பிறகு ‘ஸ்டாக்கர்’. ‘லாவ்வென்தூரா’வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு, இரண்டாம் பாதியைப் பற்றி நான் சொன்னது தவறு என்று தோன்றினால், எந்த ஷாட் என்று எனக்குச் சொல்லுங்கள், போய்ப் பார்க்கிறேன்.